மாத்திரைக்கு முன்பே முடிந்துபோகும் 28 நாள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர், "நாம் சாப்பிடுகிற மாவிலும் உப்பிலும் மருந்தைக் கலக்க அரசுக்கு என்ன உரிமை? சத்துக் குறைவு இருப்பவர்கள் மாத்திரை வாங்கிச் சாப்பிடட்டும். எல்லோர் தட்டிலும் ஏன் கை வைக்க வேண்டும்?" என்று கேட்டிருந்தார். கோபமாக எழுதியிருந்தாலும் கேள்வி நியாயமானது. அதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. மூன்று நாளாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் எழுதியே தீர வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

நான் டாக்டர் இல்லை. உணவு விஞ்ஞானமும் படித்ததில்லை. 31 வருடம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். முதல் 6 வருடம் பிரசவ அறை, அப்புறம் 25 வருடம் குழந்தைகள் அறுவை சிகிச்சை வார்டு. நான் சொல்லப்போவது அந்த வார்டின் கடைசி வரிசைக் கட்டில்களைப் பற்றியும், மாவில் சேர்க்கிற ஃபோலிக் அமிலம் என்ற பி வைட்டமினைப் பற்றியும்தான்.

வயிற்றில் கரு உருவாகும்போது மூளையும் முதுகுத் தண்டும் ஆரம்பத்தில் ஒரு தட்டையான தகடு போல இருக்கும். அதன் இரண்டு ஓரங்களும் மெல்ல எழும்பி, ஒன்றோடொன்று ஒட்டி, குழாயாக மூடிக்கொள்ளும். நரம்புக் குழாய் என்பார்கள். கரு உண்டான 28 நாளுக்குள் இந்த வேலை முடிந்துவிடும். மேல் முனை மூடாமல் போனால் மூளையும் மண்டையோடும் சரியாக உருவாகாது. அந்தக் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிடும், இல்லாவிட்டால் பிறந்து சில மணி நேரமோ சில நாளோ இருக்கும். கீழே எங்காவது மூடாமல் போனால் முதுகில் திறப்போடு பிறக்கும். அதற்கு ஸ்பைனா பைஃபிடா என்று பெயர். எங்கள் கடைசி வரிசை அந்தக் குழந்தைகளுக்கானது.

பிறந்த அன்றோ மறுநாளோ வந்து சேருவார்கள். இடுப்புக்கு மேலே, முதுகின் நடுவில், மெல்லிய தோல் போர்த்திய ஒரு பை இருக்கும். சிலருக்கு அந்தத் தோலும் இருக்காது, நரம்பு வெளியே தெரியும். குழந்தையைக் குப்புறத்தான் படுக்க வைக்க வேண்டும். கிருமி நீக்கிய துணியை உப்புநீரில் நனைத்து மேலே போட்டு, அது காயாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மலம் மேலே ஏறிவிடாமல் கீழே ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டுவோம். பெற்றவள் பிள்ளையை மடியில் மல்லாக்கப் போட்டுப் பால் கொடுக்க முடியாது. இரண்டு மூன்று நாளுக்குள் அறுவை செய்து மூடிவிடுவார்கள். தையல் போட்டாயிற்று, இனிப் பிழைத்தது என்று வீட்டார் மூச்சு விடுவார்கள். எங்களுக்குத் தெரியும், அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பம்.

ஒவ்வொரு நாள் காலையிலும் டேப்பை எடுத்துத் தலையைச் சுற்றி அளப்பேன். இந்தக் குழந்தைகளில் பலருக்கு மூளையில் நீர் சேரும். நேற்றைவிட இன்று தலை பெரிதாக இருந்தால் டாக்டரிடம் ஓட வேண்டும். நீரை வயிற்றுக்குள் வடிய விடுவதற்குத் தோலுக்கு அடியில் ஒரு குழாய் வைப்பார்கள். ஷன்ட் என்போம். அது பின்னால் அடைத்துக்கொள்ளலாம், அதில் கிருமி சேரலாம். மறுபடி அறுவை. ஒரே பிள்ளை ஐந்து வயதுக்குள் நான்கு முறை அந்த வார்டுக்கு வந்திருக்கிறது.

சிறுநீர்ப்பைக்கு நரம்பு போகாததால் சிறுநீர் தானாக முழுவதும் வெளியேறாது. தேங்கினால் சிறுநீரகம் கெட்டுப்போகும். அதனால் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை மெல்லிய குழாயை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். இதை அம்மாக்களுக்குக் கற்றுக் கொடுப்பது என் வேலை. முதல் தடவை எல்லோருக்கும் கை நடுங்கும். பிள்ளை அழாது. அதற்கு அங்கே உணர்ச்சியே இல்லை. அது அழாததைப் பார்த்துத்தான் அம்மா அழுவாள்.

காலிலும் உணர்ச்சி இருக்காது. கொதிநீர் பட்டுக் கொப்புளம் வந்த பிறகுதான் சுட்டதே தெரிந்தது என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். ரப்பர் கையுறை பட்டாலே ஒவ்வாமை வரும் பிள்ளைகள் இவர்களில் அதிகம். சின்ன வயதிலிருந்து அத்தனை அறுவை, அத்தனை கையுறை. பலூன்கூட வாங்கித் தராதீர்கள் என்று சொல்லி அனுப்புவோம்.

இவர்களில் பலர் புத்திசாலிகள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சக்கர நாற்காலியில் பள்ளிக்கூடம் போய், கல்லூரி முடித்து, வேலைக்குப் போகிறவர்களை எனக்குத் தெரியும். அந்த வாழ்க்கைகள் எனக்கு மதிப்பானவை. நான் பேசுவது அந்தப் பிள்ளைகள் பட்ட வலியைப் பற்றி. அதில் பெரும்பகுதியை ஃபோலிக் அமிலத்தால் வராமலே தடுத்திருக்கலாம் என்பதுதான் என்னை உறுத்துவது.

அங்கே வந்த அம்மாக்களில் கேட்காதவர் அநேகமாக இல்லை: "நான் என்ன தப்பு பண்ணேன், சிஸ்டர்?" வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெண்ணிடம், "கீரை, பருப்பெல்லாம் ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காது" என்று சொன்னேன். ஆறுதல் மாதிரி நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். அவர் முகம் போன போக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. அது எனக்குப் புரியப் பல வருடம் ஆயிற்று.

கணக்கைப் பாருங்கள். 28 நாள் என்பது கரு உண்டான நாளிலிருந்து. கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணினால் ஆறு வாரம். அதாவது நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம்கூட ஆகாத சமயம். பாதிப் பெண்கள் அப்போதுதான் சந்தேகப்படவே ஆரம்பிப்பார்கள். பரிசோதனைக்கு வந்து, அட்டை போட்டு, கையில் ஃபோலிக் அமில மாத்திரை வாங்கும்போது எட்டாவது வாரம், பத்தாவது வாரம். குழாய் மூடியிருந்தால் மூடியிருக்கும், இல்லையென்றால் இல்லை. அந்த மாத்திரை வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தாயின் ரத்தத்துக்கு அது வேண்டும், நிறுத்தவே கூடாது. ஆனால் முதுகைக் காப்பாற்றும் நேரம் கடந்துவிட்டது. அந்தச் சத்து கரு உண்டாகும் முன்பே உடம்பில் இருந்திருக்க வேண்டும். உலகத்தில் ஏறக்குறையப் பாதிக் கர்ப்பங்கள் திட்டமிடாமல் வருபவை. தான் கர்ப்பமாகப் போவதே தெரியாத ஒரு பெண்ணிடம் போய், ஒரு மாதம் முன்பே மாத்திரையைத் தொடங்கியிருக்கலாமே என்று எப்படிச் சொல்வது?

"வேண்டியவர்கள் வாங்கிச் சாப்பிடட்டும்" என்று எழுதிய வாசகருக்கு என் முதல் பதில் இதுதான். வேண்டியவருக்கே தனக்கு வேண்டும் என்று தெரியாத நாட்களில் தேவைப்படுகிற சத்து இது.

இந்தச் சத்தின் கதை எனக்கு எப்போதும் பிடிக்கும். 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் மும்பைக்கு வந்தார். துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகளுக்கு ஒருவகைக் கடும் ரத்தசோகை வந்து பலர் இறந்துகொண்டிருந்தார்கள். காரணம் தேடிப் போனவர், ஈஸ்ட்டிலிருந்து எடுத்த சாற்றைக் கொடுத்ததும் அவர்கள் தேறுவதைக் கண்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1941இல் பசலைக் கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். லத்தீனில் இலைக்கு ஃபோலியம் என்று பெயர், அதிலிருந்து வந்ததுதான் ஃபோலிக் அமிலம்.

பிறவிக் குறைபாட்டுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1960களிலேயே இங்கிலாந்தில் ஸ்மித்தல்ஸ் என்ற குழந்தை மருத்துவரும் அவர் கூட்டாளியும் எழுதினார்கள். 1980இல் அவர் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஏற்கெனவே இப்படி ஒரு குழந்தை பெற்ற தாய்களுக்கு, அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே வைட்டமின் கொடுத்தபோது குறைபாடு மிகவும் குறைந்திருந்தது. ஆனால் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட ஆய்வாக அது அமையவில்லை. அதைச் சாக்காக வைத்துச் சந்தேகம் நீண்டுகொண்டே போனது. 1991இல்தான் அந்தச் சந்தேகம் தீர்ந்தது. குலுக்கல் முறையிலேயே பிரித்து நடத்திய ஆய்வு அது: 7 நாடுகள், 33 மையங்கள், ஏற்கெனவே இப்படி ஒரு குழந்தை பெற்ற 1817 பெண்கள். முடிவு தெரிந்த 1195 கர்ப்பங்களில் 27 குழந்தைகளுக்குக் குறைபாடு. அதில் ஃபோலிக் அமிலம் எடுத்த பக்கம் 6, எடுக்காத பக்கம் 21. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். மறு வருடம் ஹங்கேரியில் நடந்த ஆய்வு, முதல் தடவையாகப் பாதிப்பு வருவதையும் இது தடுக்கும் என்று காட்டியது.

அதற்கப்புறம் நாடுகள் இரண்டு வழியில் பிரிந்தன. ஐரோப்பாவில் பெரும்பாலான அரசுகள் அறிவுரை வழியை எடுத்தன. கர்ப்பமாகத் திட்டமிடும் பெண்கள் நாளுக்கு 400 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று துண்டுப் பிரசுரம், சுவரொட்டி, டாக்டர் வாய்மொழி. நல்ல நோக்கம்தான். ஆனால் பிறப்புக் குறைபாட்டுப் பதிவேடுகளை எடுத்து வைத்துப் பார்த்தபோது, அறிவுரையால் மட்டும் எண்ணிக்கை குறைந்ததற்கு அடையாளமே தெரியவில்லை. படித்து, திட்டமிட்டு, வசதியோடு இருந்த பெண்கள் எடுத்தார்கள். மற்றவர்கள் விடுபட்டார்கள்.

அமெரிக்கா 1998 ஜனவரியிலிருந்து, சத்துச் சேர்த்த மாவு என்று விற்கிற எந்தத் தானிய மாவிலும் 100 கிராமுக்கு 140 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் இருந்தே ஆக வேண்டும் என்றது. கனடா அதே வருடம் கட்டாயமாக்கியது. அங்கே ஏழு மாகாணங்களின் கணக்கில், ஆயிரம் பிறப்புக்கு 1.58 ஆக இருந்த குறைபாடு 0.86 ஆக இறங்கியது. சிலி 2000இலும் தென்னாப்பிரிக்கா 2003இலும் வந்தன. அமெரிக்காவில் மட்டும் வருடத்துக்குச் சுமார் 1,300 குழந்தைகள் இந்தக் குறைபாடு இல்லாமல் பிறக்கிறார்கள் என்பது அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணிப்பு. 1,300 என்பது எனக்கு வெறும் எண்ணாக நிற்பதில்லை. ஒரு தலைக்கு ஒரு டேப் அளவு என்று மனம் எண்ண ஆரம்பித்துவிடுகிறது.

பிரிட்டனைப் பற்றி நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. 1991 ஆய்வை முன்னின்று நடத்தியவர்கள் அவர்கள். மாவில் கட்டாயமாகச் சேர்ப்பது என்று அவர்கள் முடிவெடுத்தது 2021இல். 30 வருடம். நான் வேலை பார்த்த காலம் முழுவதும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, உரிமை விஷயத்துக்கு வருகிறேன். தன் உணவில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. பையில் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் ஆலையில் தீட்டி வரும் வெள்ளை மாவு இயற்கை அப்படியே நமக்குக் கொடுத்தது என்று நினைத்துக்கொண்டு பேசுகிறோம். தானியத்தின் தவிட்டிலும் முளையிலும்தான் இரும்பும் பி வைட்டமின்களும் நிறைய இருக்கின்றன. தீட்டும்போது அவற்றைத்தான் நீக்குகிறார்கள். நீக்குவதற்கு யாரும் நம்மிடம் அனுமதி கேட்டதில்லை. அதில் ஒரு பகுதியைத் திருப்பி வைக்கும்போது மட்டும் உரிமைக் கேள்வி எழுகிறது.

உப்பில் அயோடினை நாம் ஏற்றுக்கொண்டுவிட்டோம். அதுவும் ஒரு காலத்தில் சண்டையாகத்தான் இருந்தது. சுவிட்சர்லாந்தின் மலைக் கிராமங்களில் கழுத்தில் கழலை இல்லாதவர்களைப் பார்ப்பது அரிதாக இருந்த காலம் உண்டு. காது கேளாமல், பேச்சு வராமல், அறிவு வளராமல் பிள்ளைகள் பிறந்தன. 1922இல் அங்கே ஒரு மாகாணத்தில் அயோடின் உப்பு விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவின் மிச்சிகனில் 1924. ஒரு மனிதருக்கு வாழ்நாள் முழுவதற்கும் வேண்டிய அயோடினைச் சேர்த்து வைத்தால் ஒரு தேக்கரண்டி நிரம்பாது. அந்தத் துளி இல்லாமல்தான் தலைமுறை தலைமுறையாக அப்படிப் பிறந்தன.

உங்கள் வாசகர் எழுதாத ஆனால் மருத்துவர்கள் கேட்கிற ஒரு கேள்வி இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. பி12 குறைவாக உள்ளவர்களுக்கு, முக்கியமாக வயதானவர்களுக்கு, ஃபோலிக் அமிலத்தை அதிக அளவில் கொடுத்தால் ரத்தசோகை சரியானது போலத் தெரியும். உள்ளே நரம்புக்கு ஆகும் சேதம் தொடரும், கண்டுபிடிக்கத் தாமதமாகும். இது உண்மையான கவலை. அதனால்தான் பெரியவர்களுக்கு நாளுக்கு 1000 மைக்ரோகிராமுக்கு மேல் ஃபோலிக் அமிலம் போகக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். அமெரிக்கா மாவில் அளவை நிர்ணயிக்கும்போது, ஆளுக்குச் சராசரியாக நாளுக்கு 100 மைக்ரோகிராம் அளவில்தான் கூடும்படி கணக்கிட்டது. அதோடு பி12ஐயும் சேர்த்துக் கலக்கலாம், முதியவர்களுக்கு ரத்தத்தில் பி12 பார்ப்பதை வழக்கமாக்கலாம். கவலைக்கு மருந்து அளவிலும் கண்காணிப்பிலும் இருக்கிறது.

அளவு தப்பினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. போருக்குப் பின் பிரிட்டனில் குழந்தைகளுக்கான பால் பவுடர், தானிய உணவு, மீன் எண்ணெய் என்று பல இடத்தில் வைட்டமின் டி சேர்த்தார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சரி. எல்லாம் ஒரே குழந்தையின் வயிற்றில் சேர்ந்தபோது கணக்கு எகிறியது. 1950களில் சில குழந்தைகளுக்கு ரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்கு ஏறியது. பிறகு அளவைக் குறைத்தார்கள். ஆகவே யார் வேண்டுமானாலும் எதில் வேண்டுமானாலும் சத்து சேர்த்து விற்கலாம் என்று விடுவதை நான் ஆதரிக்கவில்லை. பிஸ்கட்டிலும் குளிர்பானத்திலும் நாலு வைட்டமினைத் தூவிவிட்டு உடம்புக்கு நல்லது என்று விளம்பரம் செய்வது செறிவூட்டல் ஆகாது. எந்த உணவு, எந்தச் சத்து, கிலோவுக்கு எவ்வளவு என்று சட்டம் சொல்ல வேண்டும்.

எந்த உணவு என்பது சின்ன விஷயம் இல்லை. அமெரிக்கச் சட்டம் கோதுமை மாவையும் இன்னும் சில தானியங்களையும் பிடித்தது. சுண்ணாம்பு நீரில் ஊற வைத்து அரைக்கும் மக்காச்சோள மாவை விட்டுவிட்டது. மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்து குடியேறிய குடும்பங்களுக்கு அதுதான் அன்றாடச் சாப்பாடு. அந்தப் பெண்களின் குழந்தைகளுக்குத்தான் இந்தக் குறைபாடு மற்றவர்களைவிட அதிகமாகவும் இருந்தது. அந்த மாவில் சேர்க்கலாம் என்று அனுமதி கொடுத்ததே 2016இல், அதுவும் விருப்பம் இருந்தால். சட்டம் எழுதிய மேசையில் அந்த மாவைத் தின்று வளர்ந்தவர் ஒருவர் உட்கார்ந்திருந்தால் 18 வருடம் ஆகியிருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. அரிசி சாப்பிடுகிறவர்களுக்கு மாவுச் சட்டத்தால் பயன் கிடையாது. அரிசிக்கு வேறு முறை வேண்டும். மாவில் சத்தைச் சேர்த்துப் பிசைந்து அரிசி வடிவத்திலேயே அச்சில் பிழிந்து எடுத்து, நூறுக்கு ஒன்று என்ற மாதிரிக் கலக்கிறார்கள். கழுவும்போதும் கஞ்சி வடிக்கும்போதும் சத்து போய்விடாதபடி அந்த மணியைச் செய்ய வேண்டும். செய்ய முடிகிறது.

என் தம்பி மகன் ஒரு மாவு ஆலையில் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறான். ஓய்வுக்குப் பிறகு ஒரு நாள் என்னை உள்ளே கூட்டிப் போய்க் காட்டினான். மாவு ஓடுகிற பாதைக்கு மேலே ஒரு சின்னப் பெட்டி. அடியில் ஒரு திருகு மெதுவாகச் சுற்றி, சத்துக் கலவைப் பொடியை மாவின் மேல் விழச் செய்கிறது. ஒரு டன் மாவுக்குச் சில நூறு கிராம் பொடி, அவ்வளவுதான். நான் 25 வருடம் பார்த்த கட்டில்களையும் இந்தப் பெட்டியையும் மனம் ஒரே நேரத்தில் நினைத்தது. கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

"அத்தை, இந்தப் பெட்டி காலியானா என்ன ஆகும் தெரியுமா?" என்று கேட்டான். அவனே பதிலும் சொன்னான்: "ஒண்ணும் ஆகாது. மாவு ஓடிக்கிட்டே இருக்கும். அதே நிறம், அதே மணம், அதே ருசி. வாங்குறவங்களுக்குத் தெரியவே தெரியாது."

அன்றிலிருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கல் கலந்த மாவு பல்லில் தட்டுப்படும், புளித்த மாவை மூக்கு கண்டுபிடிக்கும். சத்து இல்லாத மாவை எந்தத் தாயாலும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு வருடம் கழித்து என் மாதிரி ஒருத்திதான் டேப்பை எடுத்துக்கொண்டு கண்டுபிடிப்பாள். ஆகவே இதை வாங்குபவரின் சாமர்த்தியத்துக்கு விட முடியாது. அரசு ஆளை அனுப்பிச் சோதிக்க வேண்டும். அதற்குப் பெரிய கருவிகூட முதலில் தேவையில்லை. கலவையில் இரும்பும் இருக்கும். மாவைத் தட்டையாக அழுத்தி இரண்டு ரசாயனக் கரைசலை விட்டால் இரும்புத் துகள் இருக்கும் இடமெல்லாம் சிவப்புப் புள்ளி வரும். புள்ளி இருந்தால் பெட்டி ஓடியிருக்கிறது. சரியான அளவு தெரிய ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த முடிவுகளை ஆலைவாரியாக மாதந்தோறும் வெளியிட்டால் உங்களைப் போன்ற பத்திரிகைகள் ஒரு பத்தியில் போடலாம். மழை அளவு போடுகிறீர்களே, அந்த மாதிரி.

இன்னொரு பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. முதல் குழந்தை முதுகில் திறப்போடு பிறந்து எங்கள் வார்டில் இருந்தது. பத்து மாதத்தில் ஷன்ட்டில் கிருமி சேர்ந்து இறந்துபோனது. மூன்று வருடம் கழித்து அவரை மறுபடி பார்த்தேன், மறுபடி குப்புறப் படுத்த ஒரு குழந்தையோடு. ஒரு முறை வந்த தாய்க்கு அடுத்த முறை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அவருக்குக் கருத்தரிக்கும் முன்பிருந்தே சாதாரண அளவைப் போலப் பத்து மடங்கு, அதாவது 4 மில்லிகிராம் கொடுக்க வேண்டும். 1991 ஆய்வு சொன்னது அதைத்தான். முதல் குழந்தையின் காகிதங்களோடு அவர் எத்தனையோ மருத்துவமனை வாசல் ஏறி இறங்கியிருக்கிறார். ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை. எங்கள் வார்டிலும் சொல்லவில்லை. குழந்தை இறந்த அன்று என்னால் அவர் கையைப் பிடித்துக்கொள்ள முடிந்தது, அடுத்த பிள்ளைக்கு முன்னால் வந்து பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. அவருக்கு மாவு மட்டும் போதாது, மாத்திரையும் தேவை என்பது உண்மை. ஆனால் முதல் குழந்தைக்கு முன்னால் அவர் வீட்டு மாவில் அது இருந்திருந்தால், அந்தப் பத்து மடங்கு மாத்திரைக்கே தேவை வந்திருக்காமல் போயிருக்கலாம்.

2023 மே மாதம் உலக சுகாதாரப் பேரவையில் கொலம்பியா கொண்டுவந்த தீர்மானம், ஸ்பைனா பைஃபிடாவைத் தடுக்க உணவுச் செறிவூட்டலை விரைவுபடுத்துங்கள் என்று எல்லா நாடுகளையும் கேட்டுக்கொண்டது. அதை எத்தனை பேர் படித்தார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. கட்டாயச் சட்டம், அளவுக்கு மேல் வரம்பு, ஆலையில் சோதனை என்று நான் கேட்பவை எல்லாம் அதை ஒட்டியவைதான். கூட ஒன்றையும் கேட்கிறேன், அது எண்ணிக்கை. கனடாவுக்கு 1.58 என்ற எண் முன்பே கையில் இருந்ததால்தான் 0.86 ஆனது தெரிந்தது. உயிரோடு பிறந்தவை மட்டும் கணக்கில் வந்தால் போதாது. இறந்து பிறந்தவை, ஸ்கேனில் தெரிந்து கலைக்கப்பட்டவை எல்லாம் சேர வேண்டும்.

பிரசவ அறையில் இருந்த அந்த முதல் 6 வருடத்தில், மண்டையோடு மூடாமல் பிறந்த குழந்தைகளைத் துணியில் சுற்றி என் கையாலேயே தந்திருக்கிறேன். பெற்றவளிடம் முகத்தை மட்டும் காட்டுவோம், நெற்றிக்கு மேலே துணி மூடியிருக்கும். அப்புறம் பதிவேட்டை எடுத்து எழுதுவேன். தேதி, நேரம், எடை, ஆணா பெண்ணா, உயிருடனா இல்லையா. அந்தப் பக்கத்தில் ஐந்து கட்டங்கள்தான் இருந்தன. என்ன குறைபாடு என்று எழுத ஆறாவதாக ஒரு கட்டம் கிடையாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்